கடலோர ஊரில் சுற்றுலாவைப் பற்றி ஊர்மக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி: மாமல்லபுரத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே உள்ள மீனவர் குப்பத்தில் ஒரு காலை வேளையில் நின்றுகொண்டு, "இந்த ஊருக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவது நல்லதா?" என்று யாரைக் கேட்டாலும் "நல்லதுதான் சார், நாலு பேர் வந்தாத்தானே நாலு காசு" என்ற பதில்தான் கிடைக்கும். அதைச் சொன்னவரே, வலை காயப்போட்டிருக்கும் இடத்தில் யாரோ காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அடுத்த நிமிடம் வேறு மாதிரிப் பேசுவார். இந்த இரண்டு பேச்சில் ஒன்றைப் பொய் என்று ஒதுக்க முடியாது. இரண்டையும் தாளில் கொண்டுவரத் தெரிந்தால்தான் ஆய்வு. சுற்றுலாவியல், சமூகவியல், சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்கும், தங்கள் ஊரின் நிலையைத் தாங்களே அறிந்துகொள்ள விரும்பும் உள்ளூர்க் குழுக்களுக்கும் பயன்படும் என்று கருதி, மாணவர்களோடு களத்தில் இறங்கிச் செய்து, செய்ததில் பாதியைத் தவறாகச் செய்து கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

மாமல்லபுரத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1984இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்த இந்த ஊரில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 15,172 பேர் வாழ்ந்தனர். 2021-22ஆம் ஆண்டில் மத்தியத் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களில் வெளிநாட்டவர் மிக அதிகமாக வந்த இடம் என்று தாஜ்மகாலை முந்திக்கொண்டு முதலிடம் பிடித்தது இந்த ஊர்தான். அப்போது ஏறத்தாழ 1.45 லட்சம் வெளிநாட்டவர் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். கொரோனா கால எண் அது என்பதால் அதைச் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். எப்படிப் படித்தாலும் அது சீட்டு வாங்கியவர்களின் கணக்கு மட்டுமே; சீட்டே வாங்காமல் கடற்கரைக்கு மட்டும் வந்துபோகும் சென்னைக் கூட்டம் அதில் இல்லை, வீட்டு வாசலில் நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் மனநிலையும் இல்லை.

ஊர்க்காரர் என்பவர் யார்

வினாத்தாளை எழுத உட்காரும் முன் தீர்மானிக்க வேண்டியது இது. மாமல்லபுரத்தில் குறைந்தது ஐந்து வகை ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். கரையோரக் குப்பங்களில் வாழும் மீனவர்கள் ஒரு வகை. உளிச்சத்தம் கேட்கும் பட்டறைகளில் கருங்கல்லிலும் மாவுக்கல்லிலும் சிலை வடிப்பவர்கள் இன்னொரு வகை. 1957இல் அரசு இங்கே சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியதிலிருந்து வெளியூரிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களும் இவர்களில் அடக்கம், இவர்களுடைய கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஒத்தவாடைத் தெருவிலும் அதன் குறுக்குத் தெருவிலும் விடுதி, உணவகம், துணிக்கடை நடத்துபவர்கள் மூன்றாம் வகை. அரசு வேலைக்கும், கல்பாக்கத்துக்கும், சென்னைக்கும் போய்வந்துகொண்டு சுற்றுலாவிலிருந்து ஒரு ரூபாயும் பெறாமல் இதே ஊரில் குடியிருப்பவர்கள் நான்காம் வகை. ஐந்தாவதாக, பூஞ்சேரிப் பக்கம் வாழும் இருளர்களும் நரிக்குறவர்களும் இருக்கிறார்கள். பாசிமணி மாலையோடு பயணிகளை நெருங்கும் நரிக்குறவப் பெண்ணைச் சுற்றுலா வணிகர் என்று கணக்கில் சேர்ப்பவர் மிகக் குறைவு. அவரை ஊர்க்காரர் என்று சேர்ப்பவர் அதனினும் குறைவு. 2021 நவம்பரில் முதலமைச்சர் நேரில் வந்து பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கிய பிறகுதான் அந்தக் குடியிருப்பு வெளியுலகின் கண்ணில் பட்டது. உங்கள் ஆய்விலும் அதே தாமதம் நேரக் கூடாது.

வாக்காளர் பட்டியல் தெருவாரியாகக் கிடைக்கும்; வீடுகளைத் தேர்ந்தெடுக்க அதைவிட எளிய கருவி இல்லை. ஆனால் விடுதிகளில் வேலை செய்யும் வடமாநில இளைஞர்களும், பல ஆண்டுகளாக இங்கே கடை வைத்திருக்கும் காஷ்மீர் வணிகர்களில் பலரும் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டார்கள். அவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. "இந்த ஊரில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் குடியிருப்பவர்" என்பது போல ஒரு வரையறையை முன்பே எழுதிவைத்துக்கொண்டு, அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். பாதி வேலை முடிந்த பிறகு வரையறையை மாற்றுகிறவர்கள்தான் கடைசியில் தரவோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

ஊருக்குள் நுழைவது

"சர்வே" என்ற சொல்லைக் கடற்கரைக் குப்பத்தில் பயன்படுத்தாதீர்கள். எங்கள் முதல் நாளே அந்தச் சொல்லால் வீணாயிற்று. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையில் அட்டையும் பேனாவுமாகப் போன மூன்று மாணவர்களைப் பார்த்து, படகு நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அளக்க வந்திருக்கீங்களா?" கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு நிலத்தை அளப்பது என்றுதான் பொருள், நிலத்தை அளந்தால் அடுத்து வருவது நோட்டீஸ் என்பது அவர்களின் அனுபவம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991, 2011, 2019 என மூன்று முறை புதிதாக அறிவிக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் கரையிலிருந்து எத்தனை மீட்டருக்குள் என்ன கட்டலாம் என்ற கோடு மாறியிருக்கும்போது, அளவுகோலோடு வருகிற எவரையும் அவர்கள் சந்தேகிப்பதில் குற்றம் காண முடியாது. "சுற்றுலாவைப் பற்றி உங்க கருத்தைக் கேட்க வந்திருக்கிறோம்" என்று சொன்னால் போதும்.

குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் பேசிவிட வேண்டும். இதை மரியாதைக்காகச் செய்யும் சடங்கு என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் அறிந்து ஒப்புக்கொண்ட வேலை என்று தெரிந்தால்தான் வீடுகள் திறக்கும். ஆனால் இதில் ஒரு வலையும் இருக்கிறது. பஞ்சாயத்தார் உங்களுக்குத் துணையாக ஒருவரை அனுப்பி, "யார் யாரிடம் பேச வேண்டுமோ இவர் காட்டுவார்" என்றால், அவர் காட்டும் வீடுகள் எல்லாம் நன்றாகப் பேசத் தெரிந்த, பஞ்சாயத்தோடு ஒத்துப்போகிற வீடுகளாகவே இருக்கும். நன்றி சொல்லி, முதல் நாள் மட்டும் அவரோடு சுற்றி வாருங்கள். மறுநாளிலிருந்து, பட்டியலில் ஏழாவது வீடு, பதினான்காவது வீடு என்று நீங்கள் முன்பே குறித்த வீட்டுக்கே போங்கள். வீடு பூட்டியிருந்தால் மூன்று முறை திரும்பப் போங்கள், அதற்குப் பிறகே அடுத்த வீடு. நகர அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் ஆளுக்கொரு கடிதம் கொடுத்துவிட்டால் அந்தப் பக்கம் வேலை முடிந்தது.

காலமும் நேரமும்

கடலோரச் சுற்றுலா ஊரில் கருத்துக்குப் பருவம் உண்டு. காணும் பொங்கலன்று ஊர் கொள்ளாத கூட்டம் வந்து, போகும்போது விட்டுச்சென்ற குப்பையின் நடுவே மறுநாள் நின்று கேட்டால் ஒரு பதில் வரும். அதே ஆளை ஜூலையில், வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் வெறும் கடை முன்னால் கேட்டால் வேறொரு பதில் வரும். டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழா, வெளிநாட்டவர் வருகை, மேல்மருவத்தூருக்குப் போகும் செவ்வாடைப் பக்தர்களின் பேருந்துகள் என எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. மே மாதத்தில் பள்ளி விடுமுறைக் குடும்பங்கள் வருகின்றன. இயன்றால் கூட்டமான மாதத்தில் ஒரு பாதியும் ஓய்வான மாதத்தில் மறு பாதியும் கேளுங்கள். ஒரே முறைதான் முடியும் என்றால் எந்த மாதத்தில் கேட்டீர்கள் என்பதைத் தலைப்புக்கு அடுத்த வரியில் எழுதுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். இங்கே பெரும்பாலும் இருப்பவை கரையில் இழுத்து வைக்கும் சிறு ஃபைபர் படகுகள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாள்களில் சிறுபடகு மீனுக்கு நல்ல விலை நிற்கும். ஆகவே "தடைக்காலம், மீனவர் சும்மா இருப்பார்கள், பேச நேரம் கிடைக்கும்" என்று, விசைப்படகுகள் நிறைந்த சென்னைக் காசிமேட்டுத் துறைமுகத்தின் கணக்கை இங்கே போட்டுக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள்.

நாளின் நேரமும் அப்படித்தான். விடிவதற்கு வெகு முன்னே கடலுக்குப் போனவர் காலையில் கரையேறி, மீனைப் பிரித்து, ஏலம் முடித்து, சாப்பிட்டுப் படுத்தால் பிற்பகல்தான் எழுவார். நான்கு மணிக்கு மேல் வலையைச் சரிபார்த்தபடி படகடியில் உட்காரும்போது பேசலாம். கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும், அதைவிட நல்ல நேரம் கிடையாது. மீன் விற்கும் பெண்களைக் காலையில் பிடிக்கவே முடியாது, அந்தி சாய்ந்த பிறகு வீட்டு வாசலில்தான். சிற்பிகளிடம் பதினொரு மணித் தேநீர் இடைவேளையிலும், கடைக்காரர்களிடம் செவ்வாய், புதன் போன்ற மந்தமான நாள்களின் மதியத்திலும் போங்கள். சனி, ஞாயிறு யாரிடமும் போக வேண்டாம். அந்த இரண்டு நாளும் ஒரு மூலையில் நின்று வேடிக்கை மட்டும் பாருங்கள். யார் எந்த மணற்பகுதியை எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு வரைபடம் போட்டுக்கொண்டால், பின்னால் கேள்வி எழுதும்போது அது கைகொடுக்கும்.

கேள்வியை எழுதுவது

ஆய்வு பிழைப்பதும் சாவதும் இந்த இடத்தில்தான். பெரும்பாலான மாணவர்கள் ஏதோ ஒரு வெளிநாட்டு ஆய்வின் வினாப்பட்டியலை எடுத்து வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டு வருகிறார்கள். "சுற்றுலா வளர்ச்சியினால் எமது சமூகத்தின் பண்பாட்டு விழுமியங்கள் பாதிக்கப்பட்டுள்ளன: முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை, உடன்படவில்லை, முற்றிலும் உடன்படவில்லை." இதை ஒரு மீன்காரம்மாவிடம் வாசித்துக்காட்டிய மாணவியை அந்த அம்மா இரக்கத்தோடு பார்த்து, "நீயே ஏதாச்சும் போட்டுக்க கண்ணு" என்று சொல்லிவிட்டார். நாங்கள் அந்தத் தாளை அன்றோடு தூக்கிப்போட்டோம்.

அதே விஷயத்தை இப்படிக் கேட்கலாம்: "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல உங்க வீட்டுப் பொம்பளைங்க கடற்கரையில போய்க் காத்து வாங்குறது உண்டா? உங்க அம்மா காலத்துல உண்டா?" இந்தக் கேள்விக்கு எல்லோரும் பதில் சொன்னார்கள், ஒரு வார்த்தையில் நிறுத்தாமல் ஒரு கதையாகவே சொன்னார்கள். கருத்தைக் கேட்பதற்கு முன், கருத்து எதிலிருந்து பிறக்கிறதோ அந்த இடத்தையும் நேரத்தையும் காசையும் கேட்க வேண்டும். படகை இழுத்து வைக்க இப்போது எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது? கருவாடு காயவைத்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? வீட்டு வாடகை என்ன, போன தடவை எப்போது ஏறியது? மீன் வாங்க வரும் உணவகக்காரர் ஏலத்தில் எடுக்கிறாரா, நேராக வந்து எடுக்கிறாரா? இவற்றுக்குப் பிறகு "மொத்தத்துல பார்த்தா உங்க குடும்பத்துக்கு லாபமா, நஷ்டமா, ரெண்டும் இல்லையா?" என்று மூன்றே தேர்வுகளோடு கேட்டால், வரும் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து படிகள் கட்டாயம் வேண்டும் என்று வழிகாட்டும் பேராசிரியர் வற்புறுத்தினால், சொற்களுக்குப் பதில் ஐந்து சிப்பிகளை வரிசையாக மணலில் வைத்து, "ரொம்பப் பிடிக்கும் இந்தப் பக்கம், சுத்தமாப் பிடிக்காது அந்தப் பக்கம், நீங்க எங்க?" என்று கேளுங்கள். நாங்கள் செய்தோம், நன்றாகவே வேலை செய்தது.

"சுற்றுலாப் பயணி" என்பதையும் பிரிக்க வேண்டும். ஊரார் மனத்தில் அது ஒரே ஆள் இல்லை. ஒத்தவாடைத் தெருவில் அறை எடுத்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர் வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலை (இசிஆர்) வழியாக வார இறுதியில் வந்து சாப்பாட்டை மட்டுமல்ல, பாட்டிலையும் வீட்டிலிருந்தே கொண்டுவரும் சென்னைக்காரர் வேறு. வெண்ணெய் உருண்டைப் பாறையின் கீழ் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் பள்ளிப் பிள்ளைகள் வேறு. அலைச்சறுக்குப் பலகையோடு வருபவர் வேறு. 2023 ஆகஸ்டில் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டியும் இங்கே நடந்தது; குப்பத்துப் பையன்கள் சிலர் அலைச்சறுக்கில் விளையாட்டையும் ஒரு வேலையையும் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகக் கேட்டால், "டூரிஸ்ட் வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னவர் எந்த டூரிஸ்டைச் சொன்னார் என்பது வெளிப்படும். பெரும்பாலும் அவருக்கு ஒரே ஒரு வகை மீதுதான் கோபம் இருக்கும். மாசி மகத்துக்கு இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கடற்கரையில் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, அங்கேயே திருமணமும் நடத்திக்கொண்டு போகிறார்களே, அவர்களும் வெளியூரிலிருந்து வந்து தங்கிப்போகிறவர்கள்தாம். அவர்களை யாரும் டூரிஸ்ட் என்பதில்லை. அந்தக் கடற்கரையில் யாருக்கு உரிமை அதிகம் என்பதை அவர்களிடமே கேட்டால், உங்கள் வினாத்தாள் முழுவதையும் திருத்தி எழுத வேண்டிவரும்.

ஆண்டைக் கேட்காதீர்கள். "2010க்குப் பிறகு என்ன மாற்றம்?" என்றால் யாருக்கும் நினைவில் நிற்காது. ஊருக்கென்று நினைவுக் கற்கள் இருக்கின்றன: 2004 டிசம்பர் 26 சுனாமி, 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தது, 2020 ஊரடங்கு, 2022இல் பூஞ்சேரியில் நடந்த செஸ் ஒலிம்பியாட். "மோடியும் சீன அதிபரும் வந்துட்டுப் போனப்புறம் கடை போட இடம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சந்திப்புக்காக நடைபாதைக் கடைகள் அகற்றப்பட்டன, ஊர் துடைத்து வைத்தாற்போல் ஆயிற்று. வழித்துச் சுத்தம் செய்த தெருவைப் பெருமையாகச் சொன்னவரும், அதே தெருவில் கடையை இழந்தவரும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கக்கூடும். ஊரடங்கோ நமக்குக் கிடைத்த அபூர்வமான ஒப்பீடு. சுற்றுலாவே இல்லாத மாமல்லபுரத்தில் இவர்கள் எல்லோரும் சில மாதங்கள் வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள். "அந்த மாசங்கள்ல எது நிம்மதியா இருந்துச்சு, எது கஷ்டமா இருந்துச்சு?" என்ற ஒரே கேள்வி, பத்துக் கேள்விகளின் வேலையைச் செய்துவிடும்.

இன்னொரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுமானம் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் தொல்லியல் சின்னங்கள் சட்டத்துக்கு 2010ஆம் ஆண்டில் வந்த திருத்தம் வரையறுத்தது. மாமல்லபுரத்தில் எங்கே திரும்பினாலும் ஒரு பாறைச் சிற்பம் இருக்கும். ஆகவே மகனுக்குத் திருமணம் முடித்து மாடியில் ஓர் அறை எடுக்க நினைக்கும் குடும்பத்துக்கு இந்த விதி நேராக வந்து நிற்கிறது. அந்த வருத்தத்தை அவர்கள் "டூரிஸத்தால வந்த வினை" என்றே சொல்வார்கள். விதி மேல் உள்ள கோபம், போலீஸ் கெடுபிடி மேல் உள்ள கோபம், பயணிகள் மேல் உள்ள கோபம் ஆகிய மூன்றையும் தனித்தனிக் கேள்விகளாகக் கேட்கவில்லை என்றால், மூன்றும் ஒரே கட்டத்தில் விழுந்து, "ஊர்மக்கள் சுற்றுலாவை எதிர்க்கிறார்கள்" என்ற பிழையான முடிவுக்கு உங்களைக் கொண்டுபோய்விடும்.

எழுதிய தாளை முதலில் பத்துப் பேரிடம் வாசித்துப் பாருங்கள். எந்தக் கேள்வியில் "என்னது?" என்று திரும்பக் கேட்கிறார்களோ அந்தக் கேள்வியை மாற்றுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் பாதியை வெட்டுங்கள்.

எத்தனை பேர்

பழைய சூத்திரம் ஒன்றே போதுமானது: பிழை விளிம்பை (முடிவு உண்மை நிலையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அளவை) அதனாலேயே பெருக்கி, அதை மக்கள்தொகையால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணால் மொத்த மக்கள்தொகையை வகுக்க வேண்டும் (5 விழுக்காடு என்றால் 0.05 என்று எடுத்துக்கொள்ளுங்கள்). 15,172 பேருக்கு 5 விழுக்காடு பிழை விளிம்பு என்றால் 390 பேரும், 10 விழுக்காடு என்றால் 100 பேரும் வேண்டும். கையில் நாலு மாணவர்கள் இருந்தால் 390 முடியும். இரண்டு பேர் என்றால் 100ஐ ஒழுங்காகச் செய்வதே மேல். விகிதாசாரப்படி பிரித்தால் இருளர், நரிக்குறவர் குடியிருப்புகளிலிருந்து விரல்விட்டு எண்ணுமளவுக்கே ஆள் வருவார்கள். ஐந்து வகையிலும் சம எண்ணிக்கை எடுத்துக்கொண்டு, முழு ஊரின் கணக்கைச் சொல்லும்போது மட்டும் அவரவர் மக்கள்தொகைக்கு ஏற்ப எடை கொடுங்கள்.

கேட்கும்போது

பெண்களிடம் பெண்கள் பேசட்டும். "அம்மா", "அக்கா", "அண்ணே" என்று அழைக்கத் தயங்க வேண்டாம். "மேடம்" என்றால் அதிகாரி வந்துவிட்டதாக ஆகிவிடும். ஆதார் எண், தொலைபேசி எண் எதையும் கேட்காதீர்கள். ஒலிப்பதிவு செய்ய வேண்டுமானால் முதலில் அனுமதி, மறுத்தால் பேனா. சாதியைக் கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. தெருவும் தொழிலும் தெரிந்தால் அந்த வேறுபாடு தானாகவே தரவில் வந்துவிடும். வீட்டு ஆணைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து பெண் குரல் ஒன்று "அப்படியா சொல்ற?" என்று மறுத்தால், அந்த மறுப்பைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், எங்கள் தாள்களின் ஓரக் குறிப்புகள்தான் பின்னால் அதிகம் பயன்பட்டன. "இதனால எங்களுக்கு என்ன ஆகப்போகுது?" என்று கட்டாயம் கேட்பார்கள். உடனடியாக ஒன்றும் ஆகாது என்பதுதான் உண்மை. அதைச் சொல்லிவிட்டு, முடிவுகளை இங்கேயே வந்து சொல்வோம் என்ற ஒரே ஒரு வாக்கை மட்டும் கொடுங்கள்.

கணக்குப் போடும்போது

சராசரியை நம்பாதீர்கள். நூறு பேரில் ஐம்பது பேர் 5 என்றும் ஐம்பது பேர் 1 என்றும் சொன்னால் சராசரி 3. "மக்கள் நடுநிலையில் இருக்கிறார்கள்" என்று எழுதுவீர்கள், அந்த ஊரில் நடுநிலையில் ஒருவர்கூட இருக்கமாட்டார். முதலில் வகைவாரியாக எத்தனை பேர் எந்தப் பதில் என்ற எளிய அட்டவணையைப் போடுங்கள். அதன் பிறகு வீட்டுக்கும் கடற்கரைக்கும் உள்ள தூரத்தை வைத்து ஒரு முறை, வீட்டு வருமானத்தில் பயணிகளின் காசு எவ்வளவு என்பதை வைத்து ஒரு முறை என அதே பதில்களைப் பிரித்துப் பாருங்கள்.

கோட்பாட்டுப் பகுதிக்கு மாணவர்கள் வழக்கமாக எடுப்பவை இரண்டு. டாக்ஸி என்பவர் 1975இல் முன்வைத்த எரிச்சல் படிநிலைப்படி, ஓர் ஊர் மகிழ்ச்சியில் தொடங்கி, அசட்டைக்கும் எரிச்சலுக்கும் போய்ப் பகையில் முடியும். ஊர் முழுவதும் ஒரே படிக்கட்டில் சேர்ந்து ஏறுவதாக அது எண்ணுகிறது. மாமல்லபுரத்திலோ நாலு படியிலும் ஒரே நேரத்தில் ஆள் நிற்கிறது. மற்றொன்று சமூகப் பரிமாற்றக் கோட்பாடு: கிடைக்கும் பயன் இழப்பைவிடக் கூடுதலானால் ஆதரவு, குறைந்தால் எதிர்ப்பு. இது ஓரளவு பொருந்தும். ஆனால் கணக்கைத் தனி ஆளுக்குப் போடாமல் வீட்டுக்குப் போட வேண்டும். அண்ணன் கடலுக்குப் போகிறார், தம்பி அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறார், அம்மா மீன் விற்கிறார், மருமகள் விடுதியில் அறை கூட்டுகிறார் என்ற வீட்டில், படகு நிறுத்த இடம் போனதன் இழப்பு ஒருவருக்கு, வரும்படி வேறொருவருக்கு. அப்படிப்பட்ட வீட்டில் இருவரிடம் தனித்தனியாகக் கேட்டு, பதில்களை அருகருகே வைத்துப் பார்ப்பதற்கென்றே இருபது வீடுகளையாவது ஒதுக்குங்கள். எனக்கு அந்த இருபது வீடுகள், மற்ற எல்லாத் தாள்களையும்விட அதிகம் சொல்லின.

திரும்பப் போய்ச் சொல்வது

அறிக்கையைத் துறைத் தலைவரிடம் கொடுத்ததோடு பெரும்பாலான ஆய்வுகள் நின்றுவிடுகின்றன. கொடுத்த வாக்கை நிறைவேற்ற, ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், விழுக்காடு இல்லாமல் "பத்துப் பேரில் ஏழு பேர்" என்ற மொழியில் முடிவுகளை அச்சடித்து, குப்பத்து மண்டபத்தில் ஒரு மாலையில் வாசியுங்கள். எவர் சொன்னது என்று அடையாளம் தெரியும்படியான வாசகம் எதுவும் அதில் வரக் கூடாது. சிறிய ஊரில் "ஐந்து ரதம் சாலையில் மாவுக்கல் பொம்மை விற்கும் ஒரு பெண்" என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும்.

நாங்கள் வாசித்த மாலையில், கடைசி வரிசையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, "மீனவர்னு போட்டிருக்கீங்களே, அதுல நாங்க எங்க இருக்கோம்?" என்று கேட்டார். தொழில் என்ற கட்டத்தில் மீனவர் என்றால் கடலுக்குப் போகும் ஆண் என்றும், மீன் விற்கும் பெண்களை "இல்லத்தரசி" என்றும் எங்கள் மாணவர்கள் குறித்திருந்தார்கள். மறுநாள் தாள்களை மறுபடியும் எடுத்து, அந்தக் கட்டத்தை "கடலில் மீன் பிடிப்பவர்", "கரையில் மீன் விற்பவர்" என்று இரண்டாகப் பிரித்து எண்ணினோம். உங்கள் தாளில் அதை முதலிலேயே பிரித்து அச்சடியுங்கள்.